தேய்ப்பதா, தீற்றுவதா? கைவினை அட்டையில் சாக் பேஸ்டல்

கைவினை வாழ்த்து அட்டையில் ஓர் இலையை வரைந்து சாக் பேஸ்டலால் வண்ணமிடத் தொடங்கும் எவருக்கும் சில நிமிடங்களிலேயே ஒரு கேள்வி எழும். நுனியில் இளம்பச்சை, காம்பருகே கரும்பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தை என்ன செய்வது? விரலால் தேய்த்து, எல்லையே தெரியாமல் இழைத்துவிடலாம். அல்லது தேய்க்காமல், ஒரு நிறத்தின் கீற்றுகளுக்கு நடுவே மற்றதன் கீற்றுகளை இட்டு, கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கே விட்டுவிடலாம். ஐரோப்பாவில் பேஸ்டல் தனி ஊடகமாக வளர்ந்த காலம் முதல் இரண்டு வழிக்கும் உறுதியான ஆதரவாளர்கள் இருந்து வந்திருக்கிறார்கள்.

அந்த வாதங்கள் எங்கே பிறந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்று இந்தக் கட்டுரை பார்க்கிறது. ஆனால் ஓவியர்கள் தங்களுக்குள் வாதாடிக் கண்ட முடிவுகளை அட்டைக்கு அப்படியே எடுத்துவரலாமா என்பதுதான் இதன் மையமான ஐயம். ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் சுவரில் இருக்கும். அட்டையோ உறைக்குள் போகும், தபால் முத்திரையின் அடியை வாங்கும், பல கைகள் மாறும், திறந்து திறந்து மூடப்படும். விடையையே மாற்றிவிடக் கூடிய வேறுபாடு இது.

குச்சியும் தாளும்

இங்கே பேசப்படுவது உலர்ந்த, பொடி உதிரும் குச்சியைப் பற்றி மட்டுமே. நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் பேஸ்டல் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது ஆயில் பேஸ்டல். மெழுகும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் குச்சி 1920களில் ஜப்பானில் உருவானது. தேய்த்தால் அது பசைபோல் இழுபடும், தூளாகாது. சாக் பேஸ்டலுக்குச் சொல்லப்பட்ட எந்த அறிவுரையும் அதற்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் முதல் முயற்சியிலேயே மனம் தளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கக்கூடும்.

சாக் பேஸ்டலில் இருப்பவை மூன்று: நிறமி, அதற்குப் பருமன் தரும் வெண்பொடி, இரண்டையும் பிடித்துவைக்கும் சிறிதளவு பிசின். வெண்பொடியாகச் சுண்ணாம்புத் தூளோ ஜிப்சமோ கயோலின் களிமண்ணோ சேரும். பிசினாக டிராககந்த் செடியின் பிசின் நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. பிசின் கூடினால் குச்சி கெட்டியாகி, தாளில் வழுக்கிக்கொண்டு போகும். குறைந்தால் கையிலேயே உடைந்துவிடும். குச்சி உடையாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பிசின். நிறத்தைத் தாளில் ஒட்டவைக்க அது போதாது.

அப்படியானால் தாளில் நிறத்தைப் பிடித்துவைப்பது எது? தாளின் சொரசொரப்புதான். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கோலமாவு காற்றுக்கு ஓடிவிடும், சாணம் தெளித்த மண் வாசலில் நின்றுவிடும். இங்கும் நடப்பது அதுவே. நார்களுக்கு இடையிலான சிறு பள்ளங்களில் தூள் தங்குகிறது. பள்ளங்கள் நிரம்பியபின் மேலே எவ்வளவு பூசினாலும் அது உதிரத்தான் செய்யும். தேய்ப்பதா கூடாதா என்ற விவாதம் முழுவதும், அந்தப் பள்ளங்களை எப்போது, எதனால் நிரப்புவது என்ற விவாதமாகவே இறுதியில் முடிகிறது.

இழைக்கச் சொன்னவர்கள்

இழைப்பவர்களின் மரபுக்கு ஒரு பெரிய தொடக்கம் உண்டு. லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள இசபெல்லா தெஸ்தேயின் பக்கவாட்டு முகச்சித்திரத்தை லியோனார்டோ தா வின்சி 1499க்கும் 1500க்கும் இடையில் வரைந்தார். கருப்பு, சிவப்புச் சாக்கோடு உடையில் மஞ்சள் வண்ணமும் அதில் உண்டு. கன்னத்திலிருந்து கழுத்துக்கு நிழல் இறங்கும் இடத்தில் கோடு எதுவும் தெரியாது. உலர் நிறங்களால் வண்ணமிடும் முறையைப் பிரெஞ்சு ஓவியர் ஜான் பெரியாலிடமிருந்து கற்க விரும்பியதை லியோனார்டோ தம் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் பேஸ்டலை உருவப்படத்துக்கான முழு ஊடகமாக நிலைநிறுத்தியவர் வெனிஸ் நகரத்து ரோசல்பா கரியேரா (1673–1757). மூக்குப்பொடி டப்பிகளின் மூடிகளில் நுண்சித்திரம் தீட்டித் தொழிலைத் தொடங்கியவர் அவர். 1720இல் பாரிஸ் சென்றபோது அந்நகரமே அவரை வரவேற்றது. அதே ஆண்டு அரசு ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. நீலநிறத் தாளில் சருமத்தை மென்மையாக இழைத்துவிட்டு, அதன்மேல் கண்ணின் ஒளிப்புள்ளியையும் சரிகையின் ஓரத்தையும் தேய்க்காத கீற்றுகளால் இடுவது அவருடைய வழக்கம். இழைப்பவர் என்று அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவருடைய படங்களை நெருங்கிப் பார்த்தால் அந்தப் பெயர் பாதிதான் சரி.

கரியேராவைத் தாண்டி, இழைப்பதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தவர் ஜெனீவாவின் ழான்-எதியன் லியோதார் (1702–1789). இயற்கையில் தூரிகைத் தீற்றல் எங்குமே இல்லை, எனவே அதைப் பின்பற்றும் ஓவியத்திலும் அது தெரியக் கூடாது என்பது 1781இல் வெளிவந்த அவருடைய ஓவிய நூலின் வாதம். சொன்னதைச் செய்தும் காட்டினார். டிரெஸ்டனில் உள்ள அவருடைய சாக்லேட் பரிமாறும் பெண்ணின் படம் தோல்தாளில் தீட்டப்பட்டது. அதன் மேற்பரப்பு பீங்கான்போல் வழுவழுவென்று இருக்கும். இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் (1745–1806) இதையே பயிற்சிமுறையாக ஆக்கினார். அவர் 1772இல் வெளியிட்ட பேஸ்டல் கையேடு, நிறங்களை விரலால் தேய்த்து இணைக்கும் வழியைப் படிப்படியாகக் கற்பிக்கிறது. இன்றைய கைவினைப் புத்தகங்களில் காணும் அறிவுரையின் வேரைத் தேடினால் அங்கே போய்ச் சேரலாம்.

இந்த நிலைப்பாட்டின் பலம் கண்கூடானது: சருமம், பூவிதழ், வானம், மூடுபனி ஆகியவற்றில் எல்லை மங்கத்தான் வேண்டும். பலவீனம் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. தேய்க்கும்போது தூளின் துகள்கள் நசுங்கிப் பள்ளங்களுக்குள் அழுந்துகின்றன. ஒளியைப் பல பக்கமும் சிதறடிக்கும் மேடுபள்ளம் குறைந்து, பேஸ்டலுக்கே உரிய மினுமினுப்பு மங்குகிறது. எதிர்நிறங்களைச் சேர்த்துத் தேய்த்தாலோ மிஞ்சுவது சேற்று நிறம். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கும் தாளில் பதிந்து, அடுத்த பூச்சைத் திட்டுத்திட்டாக ஏறவைக்கிறது.

தீற்றலை விட்டுவைத்தவர்கள்

எதிர்த்தரப்பு பிறந்ததும் அதே 18ஆம் நூற்றாண்டில்தான். மோரிஸ்-கான்தான் தெ லா தூர் (1704–1788) முடித்துத் தந்த உருவப்படங்கள் மெருகேறியவை. ஆனால் பெரிய படங்களுக்கு முன் அவர் வரைந்த முகப் பயிற்சிப்படங்கள், அவருடைய சொந்த ஊரான சான்-காந்தானில் உள்ளவை, வேறு கதை சொல்கின்றன. கன்னத்தில் குறுக்கே ஓடும் நீலக் கீற்று, தாடையில் பச்சை, உதட்டோரத்தில் தேய்க்காத சிவப்பு என அங்கே எல்லாம் வெளிப்படையாகக் கிடக்கும். இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றுசேர்ந்து உயிருள்ள முகமாகிவிடும்.

கண்பார்வை கெட்டு எண்ணெய் வண்ணத்தை விட்டுப் பேஸ்டலுக்கு வந்த பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன், 1771இலும் 1775இலும் வரைந்த தன்னுருவப்படங்களில் இந்த வழியை மேலும் துணிந்து எடுத்துச்சென்றார். மூக்குக்கண்ணாடி அணிந்த அந்த முதியவரின் முகம் தனித்தனிக் கீற்றுகளால் ஆனது. இந்த விவாதத்தில் கீற்றின் பக்கம் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்த நிலைப்பாட்டுக்கு அறிவியல் துணை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கோப்ளன் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் மிஷேல்-யூஜேன் ஷெவ்ரல், அடுத்தடுத்து வைக்கப்பட்ட நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839இல் நூலாக வெளியிட்டார். ஒரு கருப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாருக்குக் காரணம் சாயம் அல்ல, பக்கத்து நூலின் நிறம் என்று அவர் கண்டறிந்தார். இதை ஓவியர்கள் தமக்கேற்பப் பலவிதமாக விளங்கிக்கொண்டார்கள். 1860களில் மில்லே, கருஞ்சாக் கோட்டோவியத்தின் மேல் வண்ணக் கீற்றுகளை அடுக்கிக் கிராமக் காட்சிகளைப் படைத்தார். தெகா கீற்றின் மேல் கீற்றாகப் பல அடுக்குகளை ஏற்றினார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, குளித்தபின் துவட்டிக்கொள்ளும் பெண்ணின் படத்தில் முதுகின் சருமத்தை நெருங்கிப் பார்த்தால் மஞ்சளும் ஆரஞ்சும் நீலமும் தனித்தனியாகவே நிற்கும். அது வரையப்பட்ட தாள் கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டது என்பதை அட்டைக் கைவினையாளர்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம்.

இன்றைய ஓவிய ஆசிரியர்களில் பலர் இந்தப் பக்கமே நிற்கிறார்கள். குறைவாகத் தேயுங்கள், முடிந்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள் என்பது பேஸ்டல் வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் சொல். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கீற்றுமுறைக்கு இரண்டு முன்தேவைகள் உண்டு: பார்ப்பவர் சற்று விலகி நிற்க வேண்டும், கீற்று உதிராமல் காக்க ஒரு கண்ணாடி வேண்டும். தெகாவின் படத்துக்கு இரண்டும் உண்டு. கையகல அட்டைக்கு இரண்டும் இல்லை.

அட்டையில் நடந்தது வேறு

அட்டைக் கலையில் வண்ணம் கையால்தான் தொடங்கியது. 1843இல் ஹென்றி கோல் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஜான் கால்காட் ஹார்ஸ்லி வடிவமைத்த கிறிஸ்துமஸ் அட்டை, கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணமிடப்பட்டது. உலர் தூள் அதில் இல்லை. தூளை அட்டைக்குக் கொண்டுவந்த சுவையான முயற்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பெண்கள் பள்ளிகளிலும் வீடுகளிலும், அட்டையில் வண்ணமோ வார்னிஷோ பூசி, ஈரம் காய்வதற்குள் சலவைக்கல் தூளைத் தூவி ஒரு சொரசொரப்பான பரப்பை உருவாக்கினார்கள். அதன்மேல் கரியாலும் சாக்காலும் நிலவொளிக் காட்சிகளை இழைத்து, வெளிச்சம் வேண்டிய இடத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். கலை வரலாற்று நூல்கள் இதைப் பெரும்பாலும் பொழுதுபோக்கு என்று ஓரம்கட்டிவிடுகின்றன. அது சரியல்ல. வழுவழுப்பான அட்டையில் தூள் நிற்காது என்ற சிக்கலுக்குத் தாளையே மாற்றிவிடலாம் என்று அவர்கள் கண்ட விடை, இன்றைய மணல்பூச்சுப் பேஸ்டல் தாளுக்குப் பின்னால் இருக்கும் அதே எண்ணம்தான்.

இன்றைய அட்டைக் கைவினையில் மூன்று வழிகள் புழங்குகின்றன. முதலாவதில் குச்சியால் நேரடியாக வரைவதே இல்லை. கத்தி முனையால் குச்சியைச் சுரண்டி ஒரு துண்டுத்தாளில் தூள் எடுத்து, பஞ்சுக்குச்சியிலோ சிறு ஸ்பாஞ்சிலோ தொட்டு, ஸ்டென்சில் வழியாக ஏற்றுகிறார்கள். இந்தத் தேவைக்கென்றே தட்டில் அடைத்த பான்பேஸ்டல் போன்றவையும் சந்தையில் உண்டு. இரண்டாவது வழியில் வெர்சாமார்க் போன்ற நிறமற்ற, மெல்ல உலரும் மையால் முத்திரை பதித்து, அந்த ஈரத்தின் மேல் தூளைத் தடவுகிறார்கள். மை பட்ட இடத்தில் தூள் அதிகம் பிடித்துக்கொண்டு வடிவம் அடர்நிறமாய் எழும்பும். மூன்றாவது, பார்ச்மென்ட் கைவினையில் வழங்குவது: ஒளி ஊடுருவும் தாளின் பின்புறம் நிறத்தை இழைத்து, முன்புறம் மென்மையாகத் தெரியவிடுவது. கை படும் பக்கத்தில் நிறமே இருக்காது.

முதல் வழியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தொடக்கத்தில் சொன்ன இலைக்கே வருவோம். இளம்பச்சைத் தூளை இலை முழுவதும் சிறுசிறு வட்டங்களாகச் சுழற்றி ஏற்ற வேண்டும், அழுத்தம் கூடாது. அட்டையை நிமிர்த்திப் பிடித்துப் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் பள்ளத்தில் இறங்காத தூள் விழுந்துவிடும். வாயால் ஊதக் கூடாது. மூச்சுக்குள் போவதோடு எச்சில் துளியும் படும். பிறகு கரும்பச்சையைக் காம்பருகே மட்டும் தொட்டு, அங்கிருந்து நுனி நோக்கிப் பஞ்சின் சுமை குறையக் குறைய இழுக்க வேண்டும். எல்லைக்கோட்டின் மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் இரண்டும் கலந்து நடுத்தரப் பச்சையாகி, இலை தட்டையாகிவிடும். ஒரே திசையில் இழுத்தால் அடர்த்தி தானே படிப்படியாய் இறங்கும். கடைசியாக, பிசையும் அழிப்பானை முனைபோல் உருட்டி நடுநரம்பில் ஒற்றி எடுத்தால் தாளின் வெண்மை வெளியே வந்து ஒளியாகும். ஒளியை மேலே பூசுவதைவிட இப்படிக் கீழிருந்து எடுப்பது அட்டையில் பாதுகாப்பானது. வெள்ளைத் தூள் மேலடுக்கில் நிற்பதால் முதலில் உதிர்வதும் அதுதான்.

இங்கே ஒரு திருப்பம் இருப்பதாக இக்கட்டுரை கருதுகிறது. இழைத்தால் பள்ளம் அடைபடுகிறது, பரப்பு தட்டையாகிறது, தூள் தாளோடு அழுந்திவிடுகிறது என்று ஓவியர்கள் குறைகூறினார்கள். உறைக்குள் போகிற பொருளுக்கு அந்தக் குறைகளே காவலாகின்றன. பள்ளத்துக்குள் அழுந்திய மெல்லிய படலம் உரசலைத் தாங்கும். மேட்டில் உட்கார்ந்திருக்கும் தடித்த கீற்று தாங்காது. ஆகவே இழைக்காதே என்ற அறிவுரை தவறல்ல. அது வேறொரு பொருளுக்காகச் சொல்லப்பட்டது. அட்டை செய்பவர்கள் குற்ற உணர்வே இல்லாமல் இழைக்கலாம். மினுமினுப்பு வேண்டிய ஓரிரு இடங்களில் மட்டும் தேய்க்காத கீற்றை விட்டால், கரியேரா செய்ததற்கு மிக அருகில் வந்துவிடுகிறோம்.

நிழலுக்கு எந்த நிறம்?

இழைப்பது எப்படி என்பதோடு பின்னிக்கிடக்கும் இன்னொரு கேள்வி, எதைக் கொண்டு நிழல் இடுவது என்பது. பழைய பயிற்சிமுறையில் பழுப்பும் கருப்பும் நிழலுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் அதை மறுத்தார்கள்; வெயிலில் விழும் நிழலில் ஊதாவும் நீலமும் இருப்பதைக் காட்டினார்கள். அட்டையில் கருப்பின் ஆபத்து நடைமுறை சார்ந்தது. கருப்புத் தூள் நுண்மையானது, எங்கும் பரவும். மஞ்சளோடு இழைத்தால் பச்சைச் சாயலும், சிவப்போடு இழைத்தால் அழுக்குப் பழுப்பும் தரும். மஞ்சள் இதழுக்குக் காவி, சிவப்புக்கு மெரூன், பச்சைக்குக் கருநீலம் என்று பக்கத்து அடர்நிறத்தை எடுப்பது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது.

இவை இரண்டையும்விடப் பழைய மூன்றாவது விடை ஒன்று உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை: நிழலைத் தாளே தரட்டும் என்பது. கரியேராவும் லா தூரும் நீலத் தாளை விரும்பியதற்கு இது ஒரு காரணம். தாளின் நிறம் நடுத்தர நிழலாக நின்றுவிட்டால், அடர்த்தியும் ஒளியும் மட்டும் போட்டால் போதும். பூசும் தூளின் அளவும் குறையும். ஓவியர் விஸ்லர் 1879–80இல் வெனிஸில் வரைந்த சிறு பேஸ்டல்களில் பழுப்புத் தாள் பெரும்பகுதி வெறுமனே விடப்பட்டிருக்கும். சுவர்களும் நிழலும் அந்த வெற்றிடமே. வெள்ளை அட்டையில் நிழல் போட்டுப் போட்டுக் களைத்தவர்கள் சாம்பல் அல்லது வெளிர்பழுப்பு அட்டைக்கு மாறினால் பாதி வேலை குறைந்துவிடும்.

லியோதாரின் சாக்லேட் பெண் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறாள். படத்தை வாங்கிய அல்கரோட்டி, அதில் ஏறக்குறைய நிழலே இல்லை என்று வியந்து எழுதினார். வெளிர்ப் பின்னணியில், இழைக்கப்பட்ட மெல்லிய அடர்த்தி வேறுபாடுகள் மட்டுமே அவளுக்குப் பருமன் தருகின்றன. சிறிய அட்டைக்கு ஆழமான நிழல் கட்டாயமா என்ற கேள்வியை இந்தப் படம் இன்றும் எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

நிலைநிறுத்தும் திரவம்

தூளை ஏதேனும் ஒரு திரவத்தால் கட்டிவிடலாமே என்ற ஆசை பேஸ்டல் அளவுக்கே பழையது. பாரிஸில் லோரியோ என்பவர் 1753இல் அரசு ஓவியக் கழகத்தில் தம் நிலைநிறுத்தும் முறையைக் காட்டினார். அதன் இரகசியம் 1780இல்தான் வெளியானது; மீன்பசையும் சாராயமும் அதன் அடிப்படை. தெகாவுக்கு அவருடைய இத்தாலிய நண்பர் கியாலிவா ஒரு கலவை செய்து தந்தார். தெகா அதைப் பெரும்பாலும் அடுக்குகளுக்கு இடையே தெளித்தார். கடைசி அடுக்கின் மென்மையைக் காக்கவே இப்படிச் செய்தார் என்று கருதப்படுகிறது.

ஃபிக்ஸட்டிவ் எனப்படும் இந்தத் திரவத்தின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, நிறம் கருத்துவிடுகிறது என்பது. இது பிரமையல்ல, ஒளியியல் காரணம் உண்டு. உலர்ந்த பேஸ்டலில் துகளைச் சுற்றி இருப்பது காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, சுண்ணாம்புத் தூளுடையது ஏறக்குறைய 1.6. இந்தப் பெரிய வேறுபாட்டால் ஒளி சிதறி வெண்மை பிறக்கிறது. தெளித்த பிசின் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதன் எண் ஏறக்குறைய 1.5. வேறுபாடு சுருங்கிவிடுவதால் சுண்ணாம்பு கண்ணாடிபோல் ஊடுருவத் தொடங்குகிறது. வெளிர்நிறம் அமுங்கி, அடிநிறம் மேலே தெரிகிறது. டைட்டானியம் வெண்மையின் எண் 2.5க்கும் மேல் என்பதால் அதற்குப் பாதிப்பு குறைவு. சுண்ணாம்பு போன்ற வெண்பொடி அதிகமுள்ள மலிவான மாணவர் குச்சிகளில் வெளிர்நிறங்கள் தெளித்ததும் மறைவதற்கும், விலையுயர்ந்தவற்றில் ஓரளவு தாக்குப்பிடிப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் பொதுவாகத் தெளிப்பதை விரும்புவதில்லை. கண்ணாடியையும் அசைக்காமல் வைத்திருப்பதையும் நம்புகிறார்கள். அட்டை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் மெல்ல இழைத்த அட்டையில் வெளிர்நிறத்தைத் தாளின் வெண்மையே தருவதால், தெளிப்பால் ஏற்படும் இழப்பும் குறைவு. ஏறக்குறைய ஓரடித் தொலைவிலிருந்து இரண்டு மெல்லிய வீச்சுகள் பெரும்பாலும் போதும். தலைமுடி ஸ்ப்ரேயைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். உடனடிப் பலன் தெரிந்தாலும் அது இதற்காகச் செய்யப்பட்டதல்ல. நாளடைவில் மஞ்சளிக்கும் என்ற எச்சரிக்கையை ஒதுக்குவதற்கில்லை.

திரவத்துக்கு மாற்றாக அமைப்பிலேயே தீர்வு தேடுபவர்களும் உண்டு. படத்தைச் சுற்றிக் கெட்டி அட்டையில் ஜன்னல் வெட்டி ஒட்டினால், மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி உரசலிலிருந்து தப்பும். உறைக்குள் பட்டர் பேப்பர் ஒன்றைச் சேர்த்துவைப்பதும் உதவும். விற்பனைக்குரிய அட்டைகளை வழக்கம்போல் பிளாஸ்டிக் உறையில் போடுவதுதான் சிக்கலானது. பிளாஸ்டிக்கில் தேங்கும் நிலைமின்னூட்டம் தளர்ந்த தூளை இழுத்துக்கொள்ளும். அட்டையை வெளியே எடுத்தால் படத்தின் மங்கலான நகல் உறையில் இருக்கும்.

தீராமல் இருப்பவை

மேலே சொன்னவற்றுள் சில பற்றி இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தாளின் சொரசொரப்பு முதன்மையானது. தெளிப்பு வெளிர்நிறத்தைக் குறைக்கும். பேஸ்டல் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, குறிப்பாகக் காட்மியம் போன்ற உலோக நிறமிகள் உள்ள குச்சிகளில். பிள்ளைகள் பயன்படுத்தும்போது மேசையை ஈரத்துணியால் துடைப்பதும், நச்சற்றது என்று முத்திரை பெற்ற குச்சியை வாங்குவதும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை.

இழைப்பா கீற்றா என்பதில் இருதரப்பும் முழு வெற்றி பெற்றதாகச் சொல்ல முடியாது. உறைக்குள் போகும் அட்டைக்கு இழைப்பே பொருத்தம் என்ற வாதம் தூளின் இயல்பிலிருந்து எழுகிறது. எனினும் அது எல்லா அட்டைக்கும் பொருந்தாது. சட்டகத்தில் வைப்பதற்கென்றே தரும் அட்டையும், ஜன்னல் வெட்டிய அட்டையும் கீற்றைத் தாங்கக்கூடியவை. மணல்பூச்சுத் தாளைச் சிறு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டினால் கணக்கு மறுபடி மாறுகிறது. அதன் ஆழமான பள்ளங்கள் பல அடுக்குக் கீற்றையும் பிடித்துவைக்கும். சொரசொரப்பான அந்தப் பரப்பில் விரலால் இழைப்பதுதான் அங்கே தவறாகும், விரல்தோலும் தேயும்.

மெய்யாகவே திறந்து கிடக்கும் கேள்வி கைத்தாள் பற்றியது. கான்சன் மி-தேந்த் போன்ற ஆலைத்தாளில் ஒரு பக்கம் தேனடைபோன்ற வரியும் மறுபக்கம் நயமான பரப்புமாக, சொரசொரப்பு முன்கூட்டியே தெரிந்தது. புதுச்சேரியில் 1959 முதல் இயங்கும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலை போன்ற இடங்களில் பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் தாளுக்கு நார் நீளமானது, பரப்பு இயல்பாகவே கரடுமுரடானது. பேஸ்டலுக்கு உகந்த குணம் அது. ஆனால் தாளுக்குத் தாள், சில சமயம் ஒரே தாளின் மூலைக்கு மூலை, தூள் பிடிக்கும் அளவு மாறுகிறது. எந்த அளவு பசையேற்றிய கைத்தாள் இழைப்பைச் சீராக ஏற்கும் என்பதற்குச் செய்பவர்களின் கைப்பழக்கமே இன்றும் பெரும்பாலும் வழிகாட்டி. இதோடு நம் கடலோரத்து ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேஸ்டலின் பிசினும் தாளின் பசையும் பூஞ்சைக்கு உணவு. பாதுகாவலர்கள் பேஸ்டலில் அதிகம் அஞ்சும் கேடுகளில் பூஞ்சையும் ஒன்று. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் தெளிப்பைத் தவிர்க்கச் சொல்லும்போது கார்த்திகை மாதச் சென்னையின் காற்றை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. மெல்லிய பிசின் படலம் இங்கே ஈரத்தைத் தடுக்குமா, உள்ளேயே பூட்டிவைக்குமா என்பதை, ஒரே அட்டையைப் பாதி தெளித்தும் பாதி தெளிக்காமலும் ஒரு மழைக்காலம் முழுதும் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.